வீடியோ கேம் ஆடும் கருவிகளான கன்சோல்களுக்கு எண்ணால் பெயரிடுவது நல்லதா, சொல்லால் பெயரிடுவது நல்லதா?

எண்ணே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விளையாடுபவர் ஒருவராகவும் பணம் கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் வீடுகளே எங்கள் பக்கம் மிகுதி. பெயர் புரிய வேண்டியது பணம் கொடுப்பவருக்குத்தான்.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவன். சித்தி மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்டபோது, அத்தகைய கருவி எதையும் அதுவரை தொட்டறியாத என் சித்தி, பாலக்காட்டுக் கடையில் ‘பிளேஸ்டேஷன் அஞ்சு’ என்று மட்டும் சொல்லிச் சரியான பெட்டியை வாங்கி வந்தார். தமிழ்ப் பேச்சிலும் மலையாளத்திலும் ஐந்து என்பது ‘அஞ்சு’தான் என்பதால், மலையாளியான கடைக்காரருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1994இல் முதல் கருவியை வெளியிட்ட சோனி, 2000, 2006, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் அடுத்த எண்ணையே சூட்டியதன் பயன் இது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ, பிளேஸ்டேஷன் 3-க்கு எதிரே ‘2’ என்ற எண்ணுடன் நின்றால் ஒரு படி பின்தங்கியதாகத் தோன்றும் என்று கருதி, 2005இல் தன் இரண்டாவது கருவிக்கு எக்ஸ்பாக்ஸ் 360 என்று பெயரிட்டது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் 2013இல் மூன்றாவது கருவிக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க இயலவில்லை. 2017இல் வந்த ஒன் எக்ஸ், 2020இல் வந்த சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டில் புதியது எது என்பதைப் பெயரைக் கொண்டு என் சித்தியால் எவ்வாறு அறிய முடியும்?

சொல் வென்ற இடமும் உண்டு. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்தபின் கடைக்காரர்கள் அத்தகைய கருவிகளை வாங்கி வைக்கவே தயங்கியதால், ஜப்பானில் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்று விற்ற கருவியை நின்டெண்டோ 1985இல் அமெரிக்காவுக்கு, வீடியோ கேம் என்று தோன்றாதபடி ‘என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்’ என்ற பெயரில், ஒரு பொம்மை ரோபோவையும் சேர்த்துக் கொண்டு சென்றது.

அதே நின்டெண்டோ 2012இல் வீ யூ என்று பெயரிட்டபோது, பழைய வீ கருவிக்கான துணைப்பொருள் என்றே பலர் அதை எண்ணிவிட்டனர். விளையாட்டுகள் குறைவாக வந்ததும் ஒரு காரணம் என்றாலும், 10 கோடிக்கு மேல் விற்ற வீயின் வாரிசு ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுபோனதில் பெயருக்கும் பங்கு உண்டு. அதன்பின் வந்த ஸ்விட்ச் கருவியின் வாரிசாக, 2025 ஜூன் 5 அன்று அந்நிறுவனம் வெளியிட்ட கருவியின் பெயர் ஸ்விட்ச் 2.