கேள்வி – பதில்: ஒன்பது தாள்களில் ஒரு ரத்த வகை

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ரத்தக் கொடையாளர் பட்டியல் ஒன்றைக் கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறோம். கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் என்று ஊருக்கு ஒரு தாள், மொத்தம் ஒன்பது. ராத்திரியில் போன் வந்தால் ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே தடவையில் தேடித் தர ஸ்கிரிப்ட் எழுத முடியுமா? மாதிரி அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக முடியும். பெயரையும் போன் எண்ணையும் அழித்துவிட்டு மாதிரி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்தக் கவனம் எல்லோருக்கும் இருப்பதில்லை.

ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ரத்த வகை நெடுவரிசையை, திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் காட்டுகிற யூனிக் ஃபார்முலாவில் போட்டுப் பார்த்தேன். வழக்கத்தில் இருப்பது எட்டு வகை. வந்து விழுந்ததோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 'பி+', இடைவெளி விட்டு 'பி +', 'பி பாசிட்டிவ்', 'பி பாஸ்' எல்லாம் தனித்தனி வகையாக நிற்கின்றன. ஓ வகைக்காரர்கள் சிலருக்கு ஆங்கில எழுத்துக்குப் பதில் பூஜ்யம் தட்டியிருக்கிறது. பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை அந்தக் கொடையாளர் பட்டியலிலேயே இல்லை. அதனால் இந்த வாரம் உட்கார்ந்து அந்த நெடுவரிசையைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஒன்பது தாள்களிலும் அதற்கு டிராப்டவுன் (தேர்வுப் பட்டியல்) போட்டு, வேறு எதையும் தட்ட முடியாதபடி பூட்டிவிடுங்கள். டிராப்டவுனில் பாம்பே வகையையும் சேருங்கள். 1952இல் மும்பையில் முதலில் கண்டறியப்பட்ட அரிய வகை அது. சாதாரணப் பரிசோதனையில் ஓ வகை மாதிரியே தெரியும். ஆனால் அவர்களுக்கு இன்னொரு பாம்பே வகைக்காரரின் ரத்தம்தான் சேரும். அப்படி ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால் அவரை ஓ வரிசையில் தொலைத்துவிடக் கூடாது.

இனி தேடல். ஷீட்ஸுக்கு ஸ்கிரிப்ட் எழுத கூகுள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் டெக்ஸ்ட்ஃபைண்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. எல்லாத் தாள்களிலும் ஒரே கட்டளையில் தேடும். பெயரையோ போன் எண்ணையோ தேட அது அருமையானது. ரத்த வகைக்கு அதை அப்படியே விட்டால் ஆபத்து. கட்டத்தின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும் என்பதுதான் அதன் இயல்பு. 'பி+' என்று கேட்டால் 'ஏபி+' காரரையும் கொண்டுவந்து நிறுத்தும். ரத்த வங்கியில் பரிசோதித்துத்தான் ஏற்றுவார்கள், அதனால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி, ஆஸ்பத்திரி வரை வரவழைத்து, 'உங்கள் வகை இல்லை, போய்வாருங்கள்' என்றால் அடுத்த தடவை அவர் போனை எடுப்பாரா? முழுக் கட்டமும் பொருந்த வேண்டும் என்கிற மேட்ச் என்டயர் செல் நிபந்தனையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். குறியீடுகளால் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பக்கமே போகாதீர்கள். அங்கே கூட்டல் குறிக்கு 'முந்தைய எழுத்து ஒன்றோ அதற்கு மேலோ' என்று பொருள். 'ஓ+' என்று கொடுத்தால் 'ஓ-' காரரும் வருவார், பெயரில் அந்த ஆங்கில எழுத்து இருக்கிற அத்தனை பேரும் வருவார்கள்.

உங்களுக்கு நான் எழுதித் தருவதில் டெக்ஸ்ட்ஃபைண்டரே இல்லை. ஒவ்வொரு தாளின் தகவலையும் ஒரே வாசிப்பில் மொத்தமாக எடுத்து, ரத்த வகை நெடுவரிசையை மட்டும் ஒப்பிட்டு, பொருந்துகிற வரிகளைத் 'தேடல்' என்ற புதுத் தாளில் எழுதும். மொத்தமாக எடுப்பது முக்கியம். கட்டம் கட்டமாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் கூகுளிடம் போய்வர வேண்டும், ஆமை வேகம்தான்.

போனில்தான் பார்ப்போம் என்கிறீர்கள். ஷீட்ஸின் மொபைல் ஆப்பில் நாம் சேர்க்கும் மெனு தெரியாது, ஸ்கிரிப்டோடு இணைத்த பொத்தானும் வேலை செய்யாது. பலர் கணினியில் எழுதி, அழகாகப் பொத்தான் வைத்து, அவசரத்தில் போனை எடுத்துத் திகைத்துப்போவது இங்கேதான். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கட்டத்தில் கை வைத்து மாற்றினாலே தானாக ஓடுகிற ஆன்எடிட் என்ற ஏற்பாடு மொபைலிலும் நடக்கும். 'தேடல்' தாளின் மேல் கட்டத்தில் ரத்த வகை டிராப்டவுன் இருக்கும். வகையைத் தேர்ந்தெடுத்ததும் கீழே பட்டியல் வந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு 30 விநாடிதான் அவகாசம். மொத்தமாகப் படித்தால் ஒன்பது தாள்களுக்கு அது தாராளம்.

இன்னொன்று, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறைதான் ரத்தம் கொடுக்கலாம். நாள் ஆகாதவரை ஸ்கிரிப்டே ஒதுக்கிவிட்டால் உங்களுக்குப் பாதி போன் மிச்சம். உங்கள் தாளில் பாலினம் என்ற நெடுவரிசை இல்லை, அதைச் சேருங்கள். தேதிகளையும் உற்றுப் பாருங்கள்: சில கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கின்றன, சில இடப்பக்கம். இடப்பக்கம் இருப்பவை தேதியாகவே பதிவாகவில்லை, வெறும் எழுத்து. உங்கள் கோப்பு மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது, அதனால் வந்த வினை. 15/08/2024 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் கிடையாதே என்று அதை எழுத்தாகவே விட்டுவிடும். 05/08/2024 என்று அடித்தாலோ சத்தமில்லாமல் மே 8 என்று எடுத்துக்கொள்ளும். ஆகஸ்டில் ரத்தம் கொடுத்தவரைச் செப்டம்பரிலேயே 'கொடுக்கலாம்' என்று காட்டும். ஃபைல், செட்டிங்ஸ் போய் லொக்கேலை, அதாவது எந்த நாட்டு அமைப்பு என்பதை, இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தப்பாகப் பதிந்தவை அதனால் திருந்தாது. அவற்றை ஊர்ப் பொறுப்பாளர்கள்தான் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டெங்கு சமயத்தில் தட்டணு (பிளேட்லெட்) கேட்டு வருவார்கள். அதற்கான இடைவெளிக் கணக்கு வேறு, அதற்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

ஒன்பதையும் ஒரே தாளாக்கினால் ஃபில்டர் ஃபார்முலாவே போதுமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். இருந்தாலும் வலங்கைமான் தாளை வலங்கைமான்காரர் பார்த்துக்கொள்வதால்தான் எண் மாறியதும் ஊர் மாறியதும் உடனுக்குடன் பதிவாகிறது. அந்த ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்க உறுப்பினர் பட்டியல் தமிழில் இருக்கிறது. 'கோபால்' என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது. நான் எழுதிய ஸ்கிரிப்ட் இல்லை என்கிறது. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 'கோ'வைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ககரத்தோடு இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒரே உருவம். எந்த விசைப்பலகையில், எந்த மென்பொருளில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் பைத்தான் நிரல்மொழியிலும் நார்மலைஸ் என்ற கட்டளை உண்டு. தேடும் சொல், கட்டத்தில் உள்ள சொல் இரண்டையும் அதில் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். 'கோபால்' கிடைத்துவிடுவார்.

'கௌரி' கிடைக்காமல் போகலாம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருப்பார்கள். அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், நார்மலைஸ் கட்டளை அதைத் தொடாது. அப்படிப்பட்டவற்றை நீங்களே கண்டுபிடித்து மாற்ற வேண்டும். பெயருக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலும் இதே கதைதான், அதை நீக்கும் டிரிம் கட்டளையைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அச்சகத்தில் பழைய எக்செல் கோப்புகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. பைத்தானில் தேடினால் தமிழ்ச் சொல் எதுவுமே அகப்படவில்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக உளறினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. உள்ளே இருப்பது தமிழே அல்ல, மேலே மட்டும் தமிழ் வேஷம். 2010இல் தமிழ்நாடு அரசே, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் அச்சகங்களில் இவை இன்னும் குவிந்துகிடக்கின்றன. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், தேடல் அப்புறம். கோப்பின் பெயர் எக்ஸ்எல்எஸ் என்று முடிந்தால் பைத்தானின் ஓபன்பைஎக்செல் தொகுப்பு அதைத் திறக்காது, எக்ஸ்எல்ஆர்டி என்ற தொகுப்பு வேண்டும். மாற்றும்போது மூலக் கோப்பின் மேலேயே எழுதாமல் வேறு ஃபோல்டரில் சேமியுங்கள். ஒரே தாளில் பாமினியும் வேறொரு எழுத்துருவும் கலந்திருந்தால், எந்தக் கட்டத்தில் எந்த எழுத்துரு என்ற தகவல் அந்த மூலத்தில் மட்டும்தான் இருக்கும்.