தயிர் டப்பாவில் மிளகாய் நாற்று சாய்ந்து விழுந்தால்

விழுந்த நாற்று இனி பிழைக்காது. அதைப் பிடுங்கிட்டு, மிச்சத்துக்கு மேல்மண் காயுற வரைக்கும் தண்ணியை நிறுத்துங்க. தயிர் டப்பாவில் முளைச்சு ரெண்டு இலை விட்டதும் ஒவ்வொண்ணா படுத்துடுதுன்னா, அது பெரும்பாலும் நாற்றழுகல். ஈரம் தேங்கின மண்ணில் பித்தியம் மாதிரி பூஞ்சை போன்ற கிருமிகள் தண்டின் அடியை அழுக வச்சிடும்.

விழுந்ததில் ஒண்ணை எடுத்துப் பாருங்க. மண்ணை ஒட்டின இடம் நூல் மாதிரி மெலிஞ்சு, பழுப்பேறி, நசுக்கினா கொழகொழன்னு இருந்தா அதேதான். அடி உறுதியா, தண்டு மட்டும் வெளிறி நெட்டையா இருந்தா வெளிச்சம் பத்தலை, ஜன்னலோரம் வைங்க.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க, ஓட்டை இருக்கா? ஆணியைச் சுட வச்சு அடியில் நாலஞ்சு போடுங்க. நிறைய பேர் விடுறது இதைத்தான்.

அடுத்த தடவை தோட்டத்து மண் வேண்டாம். அலசின தென்னைநார்க் கழிவோட கொஞ்சம் மண்புழு உரம் போதும். விதைக்கிறதுக்கு முன்னாடி விதையில் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் கிருமியை அடக்குற நல்ல பூஞ்சை) பொடியைக் கலந்துக்கோங்க, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. உங்க விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

ஆனா கடை விதையில் சாயம் பூசியிருந்தா ஏற்கனவே பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம். அதோட டிரைக்கோடெர்மா சேர்க்காதீங்க, அந்த நல்ல பூஞ்சையும் செத்துடலாம்.