மண்டபத்துச் சோற்றை மாட்டுக்குப் போடலாமா?

கல்யாண மண்டபத்தில் மிஞ்சுகிற சோறும் காய்கறிக் கழிவும் சும்மா கிடைக்கிறது, கறவை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புண்ணாக்கு விற்கிற விலையைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காய்கறி சரி. சோறு வேண்டாம்.

காட்பாடிப் பக்கம் எங்களுக்கு மூன்று மாடு. அதில் ஒன்று பொய்கைச் சந்தையில் வாங்கிய ஜெர்சி கலப்பு, வேளைக்கு ஐந்து லிட்டர் கறக்கும். ஒரு ஆவணி முகூர்த்தத்தன்று அரை அண்டா சோறு மிஞ்சிவிட்டது என்று சமையல்காரர் போன் செய்தார். டிரம்மில் ஏற்றி வந்து ராத்திரி தொட்டியில் கொட்டிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் அசை போடவில்லை. இடது வயிறு உப்பியிருக்கிறது, கையை வைத்து அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். சாணி தண்ணியாக, புளித்த மாவு வாடையோடு, நடுவில் முழுசு முழுசாகப் பருக்கை. மத்தியானத்துக்குள் படுத்துவிட்டது, எழுப்பினாலும் எழவில்லை.

கால்நடை டாக்டர் வந்து குழாய் விட்டு சோடா உப்புக் கரைசல் ஊற்றினார், நரம்பிலும் மருந்து ஏற்றினார். வைக்கோலை மென்று அசை போடும்போது ஊறுகிற எச்சிலில்தான் வயிற்றுப் புளிப்பை அடக்குகிற உப்பு இருக்கிறதாம். சோற்றை மெல்லவே வேண்டாமே, மாவுச்சத்து ஒரேயடியாக நொதித்து லாக்டிக் அமிலமாகிவிடும், பி.எச். (புளிப்பு ஏற ஏறக் குறைகிற அளவு) 5-க்குக் கீழே இறங்கினால் வைக்கோலைச் செரிக்க வைக்கிற கிருமிகளெல்லாம் செத்துப்போகும் என்றார். மாடு பிழைத்தது. ஆனால் அந்த ஈத்து முழுக்க மூன்று லிட்டரைத் தாண்டவில்லை.

எங்கள் பாட்டி பழைய சோறு போட்டுத்தானே வளர்த்தார் என்று யாராவது சொல்வீர்கள். பாட்டி போட்டது கழுநீரில் ஒரு பிடி, மாடு பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வந்து அதைக் குடித்தது. அமாவாசைக்குப் பொங்கல் கொண்டுவந்து ஊட்டுகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன்.

   

சரி, இப்போது நான் செய்வது இதுதான். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கோஸ் இலை, காலிஃபிளவர் தழை, முள்ளங்கிக் கீரை எடுத்து வந்து, முதலில் வைக்கோல் போட்டு அரை வயிறு நிறைந்த பிறகுதான் அதைப் போடுகிறேன். மூட்டையை அப்படியே கவிழ்க்காமல் தரையில் பரப்பிக் கையால் துழாவுங்கள். ரப்பர் பேண்டு, கேரி பேக் எல்லாம் வரும். ஒருமுறை விரல் நீளக் கம்பி கிடைத்தது. அது உள்ளே போயிருந்தால் வயிற்றைக் குத்திக்கொண்டு இதயம் வரை போகும்.

பிரியாணி மிச்சத்தைக் கறி எலும்போடு மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. பிரிட்டனில் 1980-களில் மாட்டின் மூளையைத் தாக்கிக் கொல்கிற மேட் கவ் நோய் பரவியதே இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனத்தால்தான்.

மண்டபத்தில் கேட்பதானால், காய் நறுக்கும்போது விழுகிற தோலையும் காம்பையும் மட்டும் தனி டிரம்மில் போடச் சொல்லுங்கள், சாப்பிட்ட இலையில் பல் குத்துகிற குச்சி வரைக்கும் இருக்கும். எங்கள் சமையல்காரரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், இன்றைக்கும் தனியாகவே எடுத்து வைக்கிறார்.