கேம்பர் வேனில் ஷவர் துளை வழியாக நாற்றம்: டேங்க்கைக் கழுவியும் போகவில்லை

சிங்க், ஷவர் கழிவுநீர் சேரும் டேங்க்கைக் கழுவியும் நாற்றம் போகவில்லை, டேங்க்கும் சீக்கிரம் நிரம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். டேங்க்கை விடுங்கள், ஷவர் துளைக்குக் கீழே இருக்கும் ட்ராப்பைப் பாருங்கள். ட்ராப் என்பது தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாய். வண்டி ஓடினால் மட்டும் நாறுகிறது என்கிறீர்கள். ஈ.சி.ஆர். வேகத்தடைகளில் குலுங்கி ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் சிந்திவிடுகிறது. அந்தத் தண்ணீர்த் தடுப்பு போனதும் டேங்க் காற்று நேராக உள்ளே வருகிறது.

சோதனை: வண்டியை நிறுத்தி, சிங்க், ஷவர் இரண்டிலும் அரை லிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நாற்றம் நின்று, ஓட்டியதும் திரும்பினால் ட்ராப்தான். கிளம்புமுன் துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். நிரந்தரமாக என்றால் தண்ணீர் தேவைப்படாத சிலிக்கோன் ட்ராப் மாட்டுங்கள். சிங்க் காலியாகும்போது ‘களக் களக்’ சத்தம் வந்தால் டேங்க்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம், அதை முதலில் சரிபாருங்கள்.

சோறு வடித்த கஞ்சி அந்த டேங்க்குக்குள் போகவே கூடாது. சென்னை வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும்.

டேங்க் சீக்கிரம் நிரம்பாமல் இருக்க: கீசரின் 6 லிட்டர் 60 டிகிரி தண்ணீரோடு 29 டிகிரி குழாய்த் தண்ணீர் 11 லிட்டர் கலந்தால் 40 டிகிரியில் 17 லிட்டர். ஒரு குளியலுக்கு அது தாராளம். வாளியில் கலந்து குளியுங்கள், ஷவரில் சூடு சரிபார்த்தே தண்ணீர் நிறைய வீணாகிறது.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய வேனில் அது உயிருக்கே ஆபத்து. டேங்க்கை மழைநீர் வடிகாலில் திறக்காதீர்கள். தங்கும் இடத்தில் கழிவுநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டு அதில் விடுங்கள்.