விடுபடும் சக்தியைக் கணக்கிட்டு ஓர் அணுக்கரு தேயுமா என்று சொல்ல முடியுமா?

"சக்தி விடுபட்டால் தேயும், இல்லாவிட்டால் தேயாது. இவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. தேய்வது என்றால், கரு ஒரு துணிக்கையை வெளிவிட்டோ விழுங்கியோ வேறொரு கருவாக மாறுவது. தேயாது என்றால் அந்தக் கணக்கு அடித்துச் சொல்லிவிடும். தேயலாம் என்றால், எப்போது என்பதைச் சொல்லாது.

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரு நாள் புல்மோட்டைப் பையன் ஒருவன் சின்னப் போத்தலில் தங்கள் ஊர்க் கருமணல் கொண்டுவந்தான். இல்மனைற்று என்ற கனிமத்தோடு கொஞ்சம் மொனசைற்றும் அந்த மணலில் உண்டு, மொனசைற்றுக்குள் தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் இருக்கும். "சேர், தோரியம் அல்பா விடும் என்று புத்தகத்தில் இருக்கு. ஏன் பீற்றா விடாது?" என்றான். அல்பா என்பது ஈலியக் கரு, பீற்றா என்பது இலத்திரன். சரி, கணக்குப் போட்டுப் பார் என்றேன். தேய்வுக்கு முன்னிருந்த திணிவிலிருந்து பின்னிருப்பதைக் கழித்தால், குறைவதுதான் சக்தியாக விடுபடும்.

தோரியம்-232 இன் திணிவு 232.03805 அணுத்திணிவு அலகு. அல்பா போனால் மிஞ்சுவது ரேடியம்-228, அது 228.03107. ஈலியம் 4.00260. கழித்தால் 0.00438 அலகு குறைகிறது. ஓர் அலகு திணிவு 931.5 மெகா இலத்திரன்வோற்றுச் சக்திக்குச் சமம், இனி வரும் சக்திகளெல்லாம் இந்த அலகில்தான். ஆகவே விடுபடுவது கிட்டத்தட்ட 4.08. நேர்ப் பெறுமானம், கதவு திறந்திருக்கிறது. பையனுக்கு வந்ததோ 9.3! பார்த்தால், எல்லாத் திணிவையும் இரண்டு தசம தானத்துக்கு மட்டந்தட்டியிருந்தான். இந்தக் கணக்கில் சமாச்சாரம் முழுக்க மூன்றாம் தானத்தில்தான் தொடங்குகிறது.

பீற்றா விட்டால் புரோத்தக்தினியம்-232 வரவேண்டும். அதன் திணிவு தோரியத்தைவிடக் கூட, விடை ஏறத்தாழ மறை 0.5. கையில் இல்லாத காசைச் செலவழிக்க முடியாது, அந்த வழி மூடிவிட்டது.

இன்னொரு பொறி இலத்திரன்கள். அட்டவணையில் இருப்பது கருத்திணிவு அல்ல, அணுத்திணிவு. அல்பாவிலும் சாதாரண பீற்றாவிலும் இலத்திரன் கணக்கு தானாகவே ஈடாகிவிடும். பொசித்திரன், அதாவது நேரேற்ற இலத்திரன், வெளிவரும் தேய்வில் ஆகாது, இரண்டு இலத்திரன் திணிவு, அதாவது 1.022 மெகா இலத்திரன்வோற்று, மேலதிகமாக வேண்டும். பெரிலியம்-7 க்கும் இலித்தியம்-7 க்கும் உள்ள வித்தியாசம் 0.862 தான். அதனால் பெரிலியம்-7 பொசித்திரன் விடவே முடியாது, தன் இலத்திரன் ஒன்றை விழுங்கித்தான் தேய்கிறது. பரீட்சையில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்கும் இடம் இது.

அப்புறம், நேரம். தோரியம்-232 இன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதிக் கருக்கள் தேய எடுக்கும் காலம், சுமார் 1400 கோடி ஆண்டு. அதே குடும்பத்தில் கீழே வரும் பொலோனியம்-212 விடும் சக்தி 8.95, அதன் அரைவாழ்வோ 0.3 மைக்ரோ செக்கன். சக்தி இரு மடங்குக்குச் சற்று மேல், காலமோ ஒப்பிடவே முடியாத அளவு மாறிவிட்டது. அல்பாவைக் கருவுக்குள் அடைத்து வைத்திருக்கும் மின்தள்ளுகை மதிலே இதற்குக் காரணம். சக்தி கூடினால் ஊடுருவ வேண்டிய மதில் மெலிகிறது. 1928 இல் ஜோர்ஜ் கேமோ என்ற பௌதிகவியலாளர் இதைக் குவாண்டம் பொறிமுறையால் விளக்கினார். என்னைக் கேட்டால், பாடத்தில் மிக அழகான பகுதி இதுதான், ஆனால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிசுமது-209 க்கு விடுபடும் சக்தி 3.14, நேர்தான். ஆனாலும் நிலையான கரு என்றே நெடுநாள் எழுதிவந்தார்கள். அது தேய்வதை 2003 இல்தான் கண்டுபிடித்தார்கள், அரைவாழ்வு ஏறத்தாழ 2 × 10¹⁹ ஆண்டு. புல்மோட்டைத் தோரியம் கடைசியில் போய் நிற்கும் ஈயம்-208 க்கும் கணக்கு நேர்தான் காட்டுகிறது, 0.5 அளவில். ஆனால் அது தேய்ந்ததை இதுவரை யாரும் கண்டதில்லை. பையன் விடவில்லை: "அப்ப சேர், ஈயம் நிலையானதா இல்லையா?" பரீட்சைத் தாளில் நிலையானது என்றே எழுது, புள்ளி அதற்குத்தான் என்றேன். போத்தல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.