ஒருமுறை தோற்ற நர்சிங் லைசென்ஸ் தேர்வை மறுபடி எழுதும்போது 'நமக்கு வராது' என்ற எண்ணத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்ட தங்கை எழுதியிருப்பது இதுதான்: என்க்ளெக்ஸ் ஒருமுறை எழுதிப் போய்விட்டது. மறுபடி புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் 'நமக்கு இது வராது' என்று தோன்றிவிடுகிறது. ரிசல்ட்டோடு வந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கவே கை வரவில்லை.

அந்த ரிப்போர்ட்டை நான் இரண்டு மாதம் திறக்கவில்லை. அதனால்தான் பதில் எழுதுகிறேன். எனக்குப் பாம்பன். 2024 நவம்பரில் தோற்றேன், 2025 ஜூனில் மறுபடி எழுதித் தேறினேன். (தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய லைசென்ஸ் தேர்வு இது. சென்னையிலேயே மையம் இருக்கிறது.)

தோற்ற செய்தி மெயிலில் வந்தபோது நைட் டியூட்டியில் இருந்தேன். பத்தாம் நம்பர் கட்டிலுக்கு டிரிப் மாற்றிவிட்டு வந்து போனைப் பார்த்தேன். அழவில்லை. மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய பிரஷரை எல்லாம் எடுத்து எழுதினேன். காலையில் பஸ்ஸில் வரும்போது பாலத்தின் நடுவில்தான் அழுகை வந்தது. பதிவுக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டு மையத்தில் எழுதுவதற்குத் தனியாக 150 டாலர். அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருந்தது. மறுபடி எழுதினால் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும். இந்தக் கணக்குத்தான் முதலில் மனதில் ஓடியது, படிப்பு இல்லை.

அதற்கப்புறம் வந்த சந்தேகம் மெதுவாக எல்லா இடத்துக்கும் பரவியது. வார்டில் இன்சுலின் எடுக்கும்போது சிரிஞ்சை மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஆறு வருஷமாக எடுத்த கை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். போனால், "என்ன புள்ள, அமெரிக்கா எப்ப?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மேல் தப்பில்லை, எங்கள் தெருவில் அத்தனை பேரும் எனக்காக வேண்டிக்கொண்டவர்கள். அதுதான் இன்னும் கனமாக இருந்தது.

ஜனவரியில் ஒருநாள். எங்கம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். வாடைக்காற்று நேரத்தில் வடகடல் கொந்தளிப்பாக இருக்கும், தென்கடல்தான் அடங்கிக் கிடக்கும், அங்கேதான் போவார்கள். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் அறுபடாமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றுவார்கள். அப்படியும் ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் வெடித்துத்தான் இருக்கும். அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"எதுல புள்ள போச்சு?"

"எல்லாத்துலயும்மா."

"எல்லாத்துலயும் போனா இத்தனை வருசம் ஆஸ்பத்திரியில எப்படி வச்சிருக்காங்க?"

கேட்டுவிட்டு, அன்றைக்குப் பாசி கம்மி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் கலங்கல், தரை தெரியவில்லை, நீரோட்டம் கிழக்கே இழுத்தது, போன வாரம் வேறு ஆட்கள் அந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குறைந்ததற்கு ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னார். முப்பது வருஷத்தில் 'எனக்குப் பாசி எடுக்க வராது' என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னிடம் 'எதில்' என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் இல்லை. பதில் மெயிலில் கிடந்தது, நான் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மைனியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். தனியாகத் திறந்திருந்தால் முதல் வரியோடு மூடியிருப்பேன். தோற்றவர்களுக்கு மட்டும் வரும் ரிப்போர்ட் அது. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நேராக, தேர்ச்சி நிலைக்கு மேலே, கிட்டத்தில், கீழே என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும். எனக்கு எட்டுப் பகுதிகளில் இரண்டு மேலே, நாலு கிட்டத்தில், இரண்டு கீழே. கீழே விழுந்தவை நோயாளி பராமரிப்பு நிர்வாகமும் மருந்துகளும். மைனி பத்தாவதுதான் படித்தவர். அவர் கேட்டார், "ரெண்டுதானே கீழ?" அந்த 'தானே'வை இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த இரண்டும் ஏன் விழுந்தன என்று பார்த்தால், நம் ஊர் ஆஸ்பத்திரியில் பழகியவர்களில் பலருக்கு அங்கேதான் இடிக்கும். அந்தத் தேர்வில் நான்கு நோயாளிகளைக் கொடுத்து, யாரை முதலில் பார்ப்பாய், எந்த வேலையை உதவியாளரிடம் கொடுப்பாய், எதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்பார்கள். அங்கே நர்ஸுக்குக் கீழே லைசென்ஸ் உள்ள இன்னொரு நிலை, அதற்குக் கீழே உதவியாளர் என்று அடுக்கு இருக்கிறது. நம் வார்டில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் சொந்தக்காரர். நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ், எல்லா வேலையும் நாமேதான். யாரிடமும் எதையும் பிரித்துக் கொடுத்துப் பழக்கமில்லாதவளிடம் பிரித்துக் கொடு என்றால் தடுமாறத்தான் செய்வாள். முதல் முறை நோயாளியை மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் நர்ஸ் தனக்குக் கீழே உள்ளவர்களிடம் தள்ளிவிடக் கூடாது என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்தப் பகுதி ஒரு மாதத்தில் வசப்பட்டது. மருந்தில் பாதித் தடுமாற்றம் பெயரில். நமக்குப் பாராசிட்டமால், அவர்களுக்கு அசிட்டமினோஃபென். நம் சால்புட்டமால் அங்கே ஆல்புடெரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். பெத்திடின் மெபெரிடின். தெரிந்த ஆளையே வேறு சட்டையில் பார்த்து யாரோ என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது ரிப்போர்ட்டில் இல்லை, என் தப்பு நோட்டில் இருந்தது. தப்பாகப் போட்ட ஒவ்வொரு பயிற்சிக் கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதினேன்: தெரியாது, சரியாகப் படிக்கவில்லை, சரியாகப் போட்டு மாற்றிவிட்டேன். ஒரு வாரம் கழித்து எண்ணினேன். 62 தப்பில் 'தெரியாது' 24தான். 'மாற்றிவிட்டேன்' 21. நான் திகைத்துப்போனேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். (பயிற்சிக் கேள்விதான். நிஜத் தேர்வில் வந்ததை வெளியில் சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம்.) பிரஷர் கூடிய கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் ஓடுகிறது. மூச்சு நிமிஷத்துக்கு 10. முட்டியில் தட்டினால் கால் அசையவில்லை. முதலில் என்ன செய்வாய்? பிரசவ வார்டில் இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக முட்டியைத் தட்டிப் பார்த்தவள் நான். இந்த மருந்து அளவு மீறினால் கால் உதறாது, மூச்சும் குறையும். கால் உதறினால்தான் எனக்கு மூச்சு வரும். மருந்தை நிறுத்து என்று உடனே போட்டேன். பிறகு அரை நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'டாக்டருக்குத் தெரிவி' என்று மாற்றினேன். தப்பு. நிறுத்திவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையில் தயாராக இருக்க வேண்டும்.

ஏன் மாற்றினேன்? வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேறொரு நோயாளிக்கு டிரிப் போட்ட இடம் வீங்கியிருந்ததால் நிறுத்தினேன். ரவுண்ட்ஸில் பத்துப் பேர் முன்னால், "என்னைக் கேக்காம எதுக்கு நிறுத்துன?" என்று ஒரு டாக்டர் சத்தம் போட்டார். நிறுத்தியது சரி. ஆனால் அந்தச் சத்தம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து எது தெரிந்தாலும் 'கேட்டுக்கலாமா' என்று ஒரு குரல். இந்தத் தேர்வோ நேர் எதிராகக் கேட்கிறது: கேட்பதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது என்ன? அதைப் புரிந்துகொண்ட நாளில், என் சந்தேகத்தில் பாதி என் அறிவைப் பற்றியதே இல்லை என்று தெரிந்தது. பயந்து பழகிய பழக்கம் அது. பழக்கம் என்றால் மாற்றலாம்.

இதை வைத்து 'முதலில் போட்டதை மாற்றவே கூடாது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவாக மாற்றுகிறவர்களுக்கு நஷ்டத்தைவிட லாபமே அதிகம் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு நான் வைத்துக்கொண்ட விதி: கேள்வியில் முதலில் கவனிக்காத ஒரு வார்த்தையை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மாற்றுவேன். வயிறு கலங்குகிறது என்பதற்காக மாற்ற மாட்டேன். இரண்டு மாதத்தில் அந்த 21, வாரத்துக்கு 6 ஆனது.

தேர்வு நடக்கும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அறைக்குள்ளேயே சந்தேகத்தைக் கிளப்புவது அதுதான். சரியாகப் போட்டால் அடுத்தது கடினமாகும், தப்பாகப் போட்டால் இளகும். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள கேள்வியையே கம்ப்யூட்டர் உங்களுக்குத் தேடித் தேடிக் கொடுக்கும். தேறப்போகிறவளுக்கும் பாதி தெரியாத மாதிரிதான் இருக்கும். கல்லூரியில் 80 மார்க் வாங்கிப் பழகியவர்களுக்கு இது தோல்வி மாதிரியே தெரியும். குறைந்தது 85 கேள்வி, கூடினால் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். தேர்ச்சி நிலைக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீதம் உறுதியானதும் நின்றுவிடும். முதல் தடவை 85-இல் நிற்கவில்லை என்றதும் 'போச்சு' என்று முடிவுகட்டி, அதற்கப்புறம் வந்ததை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். நிற்கவில்லை என்றால் இன்னும் தீர்மானமாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 2023 ஏப்ரலில் வந்த புது முறையில், பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளுக்குப் பகுதி மதிப்பெண்ணும் உண்டு. ஒன்று விட்டால் எல்லாம் போயிற்று என்ற பழைய பயம் வேண்டாம்.

தேதி பற்றி: தோற்று 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பது குறைந்தபட்சம். அமெரிக்காவின் சில மாநில நர்சிங் வாரியங்கள் இன்னும் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, உங்கள் வாரியத்தின் பக்கத்தில் பாருங்கள். 45-ஆம் நாளே எழுதியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஏழு மாதம் ஆனது. டியூட்டி நாளில் 30 கேள்வி, லீவு நாளில் 75, அவ்வளவுதான் முடிந்தது. 'இருபது நாளில் பாஸ்' என்று போடும் வாட்ஸ்அப் குரூப்கள் மூன்றிலிருந்து வெளியே வந்தேன். மறுபடி எழுதுகிறவர்களின் தேர்ச்சி விகிதம் முதல் முறை எழுதுகிறவர்களைவிடக் குறைவு என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் அதே புத்தகத்தை அதே மாதிரி திரும்பப் படிக்காதீர்கள் என்கிறேன்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், 'இருந்து என்ன' என்ற வரைக்கும் எண்ணம் போனால் அது தேர்வுச் சந்தேகம் இல்லை. 14416, அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்), இலவசம், தமிழில் பேசுவார்கள். பிப்ரவரியில் ஒரு ராத்திரி நான் கூப்பிட்டிருக்கிறேன். நாமே நர்ஸ், நாம் எப்படிக் கேட்பது என்று நினைக்காதீர்கள்.

ஜூனில் ராமேஸ்வரத்தில் ரயில் ஏறினேன். முதல் தடவை போனபோது பாலத்தில் ரயிலே ஓடவில்லை, பஸ்ஸில் அந்தக் கரைக்குப் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. ஏப்ரலில் புதுப் பாலம் திறந்திருந்தார்கள். அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். ஆசீர்வாதமெல்லாம் இல்லை, "பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கேட்டார். அங்கே அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

அன்றைக்கும் 85-இல் நிற்கவில்லை. கை குளிர்ந்தது. எழுதி அழிக்கக் கொடுத்த பலகையில் 'எதுல?' என்று எழுதி வைத்துக்கொண்டு 86-ஐப் படித்தேன். வயதான ஒருவர், மூச்சுத் திணறல். எனக்குத் தெரிந்த ஆள். 118-இல் திரை அணைந்தது.

ரிப்போர்ட்டை இன்றைக்கே திறங்கள். தனியாக வேண்டாம், உங்கள் மைனியோ அம்மாவோ யாராவது பக்கத்தில் இருக்கட்டும். கீழே விழுந்த பகுதிகளின் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள். மருந்தும் நிர்வாகமும் என்றால் என் நோட்டை அப்படியே படம் எடுத்து அனுப்புகிறேன்.