பழுது பார்த்த பிறகு இன்ஜின் இரைகிறது: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கூலன்ட் கசிவு என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியையும், அந்தக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றி, இடையே கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்றினார்கள். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நியூட்ரலில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) 1,500-க்குக் கீழே இறங்கவில்லை. முன்பு 750-இல் நிற்கும். கேட்டால், "பழைய வண்டி, த்ராட்டில் பாடியே போய்விட்டது, புதிது போட வேண்டும். எங்கள் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்கிறார்கள். டெலிவரி எடுக்கும்போது 'திருப்தி' என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன் ஒன்று: பிரேக் பெடல் வழக்கத்தைவிட இறுகலாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்யூம் ஹோஸ் (உறிஞ்சு குழாய்) சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பிரேக்கில் கோளாறு இல்லையென்றாலும் வேறு மெக்கானிக்கிடம் உடனே ஓட வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பலர், இன்னொருவர் பிரித்துச் சரிசெய்த பிறகுதான் வருகிறார்கள். கழன்றிருந்த ஹோஸை மாட்டியாயிற்று, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த 'கோட்' எனும் கோளாறுக் குறியீட்டையும் அழித்தாயிற்று. வண்டி சரியாகிவிட்டது, வழக்கு போய்விட்டது. சேவைக் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது புகார்தாரர்தான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, ஒரு வீடியோ. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதிலிருந்து ஆரம்பியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வெப்பநிலைக் காட்டியும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். ஏசியை அணைத்து வையுங்கள். குளிர்ந்த இன்ஜின் கொஞ்ச நேரம் கூடுதல் வேகத்தில் ஓடுவது இயல்பு; எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவதும் அதைத்தான். வெப்பநிலை முள் நடுவுக்கு வந்த பிறகும் 1,500-இலேயே நிற்பதைக் காட்டினால் அந்த வாதம் அங்கேயே அடிபடும்.

அடுத்தது, வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்வது. வண்டியில் கை வைக்காமல், கோளாறுக் குறியீடுகளை அழிக்காமல், அறிக்கை மட்டும் வாங்குங்கள். 'பி0507' என்று வந்தால், ஐடிலிங் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று பொருள். கூடவே 'பி0171' வந்தால் எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். மேனிஃபோல்ட் கேஸ்கட் சரியாக உட்காராதபோதும், ஹோஸ் கழன்றிருக்கும்போதும் இது வருவது வழக்கம். அவர்கள் பிரித்த இடமும் அதுவேதான் என்பதை, செய்யும் வேலையை அவர்கள் எழுதிவைக்கும் ஜாப் கார்டு காட்டும். உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த இரண்டு தாள்களும்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றினாலோ த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலோ, சில வண்டிகளில் கம்ப்யூட்டருக்கு ஐடிலிங் அளவை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். கால்மணி நேர வேலையாகக்கூட முடிந்துவிடலாம். அதைச் செய்து பார்க்காமல் புதுப் பாகம் போடச் சொல்வதை ஏற்காதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள், ஆனால் எழுத்தில் கொடுங்கள். 'இன்ன தேதியில் இன்ன வேலை செய்தீர்கள், அதன் பிறகு இன்ன கோளாறு, 15 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும்' என்று மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்பினால் போதும். வண்டியை மறுபடி விடும்போது புகாரை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, முன்பு போட்ட 'திருப்தி' கையெழுத்து? அதை நினைத்துக் கலங்க வேண்டாம். ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்போது தெரியாத கோளாறுக்கு அந்தக் கையெழுத்து முழு விடுதலை ஆகாது. வண்டி எடுத்த அன்றோ மறுநாளோ அவர்களுக்கு ஃபோனோ வாட்ஸ்அப்போ செய்திருந்தால், அந்தப் பதிவை அழியாமல் வைத்திருங்கள்.

அப்புறம், பில் பாக்கி. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170 அவர்களுக்கு இடம் தருகிறது. மல்லுக்கட்டாமல், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். பணம் கட்டியதால் உங்கள் புகார் செத்துவிடாது.

கெடு முடிந்தும் அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். சில ஒர்க்‌ஷாப்புகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அரைகுறையாகச் செய்த வேலை பிரிவு 2(11) சொல்லும் 'குறைபாடு'. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையக் கட்டணமும் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. குறையைச் சரிசெய்து தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம். கார் வணிகப் பயன்பாட்டில் இருந்தால் நீங்கள் 'நுகர்வோர்' இல்லை என்பார்கள். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் அந்தத் தடை இல்லை.

கெடு தாண்டிய பிறகு வேறிடத்தில் சரிசெய்வதானால், பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். கழற்றிய கேஸ்கட்டைத் தூக்கிப் போட விடாமல் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். எது கழன்றிருந்தது, எது கிழிந்திருந்தது என்று அந்த மெக்கானிக்கிடம் கையெழுத்துடன் இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள். புகாருடன் அதையும் இணைக்க வேண்டும்.